இடது கைச் சத்தியம்

என் தம்பியின் வலது கையில் இப்போது கட்டைவிரல் மட்டும் இருக்கிறது. மற்ற நான்கும் பினாங்குக்கு எதிர்க்கரையில், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் மெஷினில் போயின. அதற்குக் காரணமான ஆளை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் இவள் மனம் இளகிவிடுவாள் என்று யாராவது காத்துக்கொண்டே படிக்கக்கூடும். அவர்களுக்கு வீண் சிரமம் வேண்டாம்.

அந்த மெஷினுக்கு இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டு கையாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலே இருக்கும் அச்சு இறங்கித் தகட்டை வெட்டும். கை இரண்டும் பொத்தானில் இருந்தால் உள்ளே மாட்ட வழியில்லை. அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் ஒரு கையால் அமுக்கிக்கொண்டே மறு கையால் தகட்டை எடுத்தால் வேலை வேகமாக நடக்கும். அதனால் அவசர ஆர்டர் வந்தால் ஒரு பொத்தானை அமுக்கியபடியே டேப் போட்டு ஒட்டிவிடுவது உண்டு. அன்று ஒட்டியவர் சூப்பர்வைசர். தம்பி ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என்னிடம் சொன்ன முதல் விஷயம் அதுதான். விரல்களைப் பற்றி அவன் கேட்கவே இல்லை.

விசாரணை நடந்தபோது சூப்பர்வைசர், "அவனேதான் ஒட்டிக்கிட்டான் சார். செய்யாதே செய்யாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றார். அந்தப் பக்கம் அந்த நேரத்தில் வேறு யாரும் இல்லை. ஆபீஸ் அவர் சொன்னதை எழுதிக்கொண்டது. அது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஆபீஸ் எப்போதும் மேலே இருப்பவன் சொல்வதைத்தான் எழுதும். எங்கள் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். பதினொரு வருஷம் தம்பியோடு கூடவே சாப்பிட்டவர்கள் அவர்கள்.

தொழிற்சாலையின் பின்வாசலுக்கு வெளியே, வேலியை ஒட்டி, மரத்தடியில் முனி இருக்கிறார். தகரக் கூரை, ஒரு சூலம், ஒரு கருங்கல், பக்கத்தில் சுருட்டு வைக்க ஒரு தட்டு. போனைத் திருடியது யார், யாரைப் பற்றி யார் போட்டுக் கொடுத்தது என்று எங்கள் ஆட்களுக்குள் தகராறு வந்தால் அங்கேதான் தீரும். சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தை வலது உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்யவேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவனை முனி சும்மா விடமாட்டார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆபீஸ் காகிதத்தை நம்பாதவர்கள்கூட இதை நம்புவார்கள்.

கைக்கட்டு இன்னும் பிரிக்காத மூன்றாவது வாரம், ஒரு மத்தியான இடைவேளையில் சத்தியத்துக்கு ஏற்பாடு ஆனது. தம்பியை நான்தான் அழைத்துப் போனேன். அக்கரைக்கு ஃபெரியில் போகும்போது அவன் தெம்பாகவே இருந்தான். அந்த ஆள் சூடத்தின் முன் நிற்கவே பயப்படுவார் என்று என்னிடம் சொன்னான்.

சூப்பர்வைசர் நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். சூடத்தை அவரே ஏற்றினார். "அந்த டேப்பை நான் தொட்டதே இல்ல. தொட்டிருந்தா என்னையும் என் குடும்பத்தையும் முனி பார்த்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பட்டென்று அடித்து அணைத்தார். அவர் கை நடுங்கியதா என்று நான் உற்றுப் பார்த்தேன். நடுங்கவில்லை. நான் என் வீட்டில் கரப்பான்பூச்சியை அடிக்கும்போதுகூட அதைவிடத் தயங்குவேன்.

அடுத்தது தம்பி. அவனுக்காக இன்னொரு சூடத்தை வைத்தார்கள். அவன் இடது கையை நீட்டினான். கூட்டத்தில் ஒருவர், "இடது கையில சத்தியம் செல்லாதுலா, தம்பி" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, அக்கறையோடுதான் சொன்னார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். "கட்டைப் பிரிச்சதும் வந்து பண்ணிக்கலாம்" என்றார் இன்னொருவர். கட்டைப் பிரித்தால் உள்ளே என்ன இருக்கும் என்று அவர் யோசிக்கவில்லை. மணி அடித்தது, எல்லோரும் உள்ளே போனார்கள். அந்தச் சூடம் தானாக எரிந்து அணைந்தது. வலது கையைப் பறித்தவனுக்குச் சத்தியம் செய்ய வலது கை இருந்தது. பறிகொடுத்தவனுக்கு இல்லை. அந்த மரத்தடியில் இருபது பேர் நின்றிருந்தும் இது ஒருவருக்கும் உறைக்கவில்லை. முனிக்கும் உறைக்கவில்லை என்பதை நான் குறித்துக்கொண்டேன்.

வேலை போனது. 'பாதுகாப்பு விதியை மீறியவர்' என்று ஒரு கடிதம் வந்தது. அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது ஆறு மாதம் கழித்து நடந்தது. சுங்கை பினாங்கில் எங்கள் ஃப்ளாட்டில் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இடது கையால் கரண்டி பிடிக்க அவன் அதற்குள் பழகியிருந்தான். திடீரென்று நிமிர்ந்து, "அக்கா, ஒருவேளை நானேதான் ஒட்டிக்கிட்டேனோ?" என்றான்.

"பைத்தியமா ஒனக்கு? நீதானேடா சொன்னே அவரு ஒட்டுனாருன்னு."

"இல்லக்கா, அவரு சூடத்துல அடிச்சாரு. ஆறு மாசம் ஆச்சி, அவருக்கு ஒண்ணுமே ஆவலையே. பொய்யா இருந்தா முனி விட்டிருப்பாரா? எனக்குத்தான் சரியா ஞாபகம் இல்ல போல."

விரலை எடுத்தார்கள், வேலையை எடுத்தார்கள், இப்போது இவன் கண்ணால் கண்டதையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதுவும் சாமியின் பெயரால். தண்டனை வந்தால்தான் குற்றம், வராவிட்டால் குற்றமே நடக்கவில்லை என்று என் தம்பி நம்பத் தொடங்கிவிட்டான். அவன் நல்லவன், சாமி கும்பிடுகிறவன். நல்லவனாக இருந்ததால்தான் அந்தப் பொறியில் மாட்டினான். அவன் வாயால் "அவர்தான் செய்தார்" என்று ஒருநாள் சந்தேகமில்லாமல் சொல்லவேண்டும். அதற்கு அந்த ஆளுக்கு ஏதாவது ஆகவேண்டும். எனக்கு அப்போது வேறு வழி தெரியவில்லை.

எதிர் வீட்டு அக்கா வழி சொன்னார். காய்ந்த மிளகாயை அரைத்துச் சாமியின் கல்லில் பூசி வேண்டிக்கொண்டால், எரிச்சல் தாங்காமல் சாமி எழுந்து போய்க் கேட்கும், நீதி கிடைத்ததும் கல்லைக் குளிர வைக்கவேண்டும் என்றார். அதைக் காளி கோயிலில் செய்வதுதான் வழக்கமாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பொய்ச் சத்தியம் யார் முன்னால் நடந்ததோ அவரே விசாரிக்கட்டும் என்றேன். அம்மியில்தான் அரைக்கவேண்டும் என்றும் சொன்னார். ஒன்பதாவது மாடி ஃப்ளாட்டில் அம்மிக்கு நான் எங்கே போவேன்? பிளெண்டரில் அரைத்தேன். மூடி சரியாக இல்லாமல் இரண்டு நாள் வீடே தும்மியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொழிற்சாலை மூடியிருந்தபோது, தனியாகப் போய்க் கருங்கல்லில் பூசினேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அந்த ஆளின் பெயர், வீட்டு விலாசம், மோட்டார் சைக்கிள் நம்பர், எந்தக் கை என்பது வரை சொன்னேன். வலது கை, நான்கு விரல். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம் என்றேன். இதைவிடத் தெளிவாக ஒரு புகார் கொடுக்க முடியாது. அக்கம்பக்கத்தில் யாரோ பார்த்துவிட்டார்கள் போல. ஒரு வாரத்தில் தொழிற்சாலை முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரியட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. மாறாக அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. புதுக் கெரேத்தா வாங்கினார், காரில்தான் வேலைக்கு வந்தார். தைப்பூசத்தில் ரதம் வரும் வழியில் அவர் நூற்றெட்டுத் தேங்காய் உடைத்ததை ஜார்ஜ் டவுனில் கூட்டத்துக்குள் நின்று நானே பார்த்தேன். ஒரு தேங்காயாவது அழுகியிருக்காதா என்று ஒவ்வொன்றாக எட்டி எட்டிப் பார்த்தேன். நூற்றெட்டும் வெள்ளை வெளேரென்று உடைந்தன. அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். அந்தக் கூட்டத்தில் அவரைப்போல நிம்மதியான முகம் யாருக்கும் இல்லை.

நேரம் வரும் என்றார் எதிர் வீட்டு அக்கா. உன் தம்பி போன ஜென்மத்தில் ஏதோ செய்திருப்பான், அதுதான் கழிகிறது என்றும் ஒருநாள் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. போன ஜென்மத்தில் எந்தக் கையால் செய்தான், யாருக்குச் செய்தான் என்று அவனுக்கே தெரியாது. தெரியாதவனை அடித்தால் அதற்குப் பெயர் நீதியா? ஒரு மாஜிஸ்திரேட் அப்படித் தீர்ப்புச் சொன்னால் மறுநாளே ஊர் நாறிவிடும். சாமி செய்தால் மட்டும் கையெடுத்துக் கும்பிடவேண்டுமாம். அதற்குப் பிறகு நான் சாமி படத்துக்கு முன் நிற்பதை விட்டுவிட்டேன். தம்பி விடவில்லை. தினமும் நின்று, தன்னை மன்னிக்கச் சொல்லி வேண்டிக்கொண்டிருந்தான். டேப் ஒட்டியதற்காக!

இரண்டு வருஷம் கழித்துத் தம்பியோடு வேலை பார்த்த ஒருவர் எனக்குப் போன் செய்தார். குரலில் அவ்வளவு உற்சாகம். "அக்கா, ஒங்க மிளகா பலிச்சிருச்சி! அவரு மவ ஐசியூல கெடக்கு. ஒரே புள்ளைக்கா. அன்னைக்கு என் குடும்பத்தைப் பார்த்துக்கட்டும்னு அவரே சொன்னாருல்ல? முனி விடலை பார்த்தீங்களா?"

என்ன காய்ச்சல் என்று கேட்டேன். டிங்கி என்றார்.

நான் ஜெலுத்தோங்கில் ஒரு கிளினிக்கில் கவுண்டரில் வேலை செய்கிறேன். அந்த மாதம் எங்கள் வாசலில் வந்து நின்ற காய்ச்சல்களில் பாதி டிங்கி. மலாய்க்காரர், சீனர், எங்கள் ஆட்கள், குடித்தவர், குடிக்காதவர் என்று அந்தக் கொசு யாரையும் விசாரித்துவிட்டுக் கடிக்கவில்லை. அதனால் அந்தச் சேதி கேட்டு எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, கோபம்தான் வந்தது. நான் எந்த வீட்டில் யாருடைய எந்தக் கை என்று சொன்னேன், முனி அதை ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார் என்றால், பார்சல் கொண்டுவருகிற பையன்கள்கூட இவரைவிட ஒழுங்காக வேலை செய்கிறார்கள். இது முனி செய்தது என்றால் அவர் அந்தச் சூப்பர்வைசரைவிடக் கேவலம். அந்த ஆளாவது அகப்பட்டுக்கொள்ளாமல் இருக்கப் பொய் சொன்னார். முனிக்கு எந்த நெருக்கடியும் இல்லை. அவரை அப்படி நினைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே கல் கல்லாகத்தான் இருக்கிறது, உள்ளே ஒருவரும் இல்லை என்று முடிவு செய்தேன். அவருக்கு நான் காட்டிய கடைசி மரியாதை அது.

மறுநாள் காலையில் சூப்பர்வைசர் கிளினிக் வாசலுக்கு வந்தார். சவரம் செய்யாத முகம், கசங்கிய யூனிஃபார்ம். என்னைக் கண்டதும், "தங்கச்சி, நீங்க வெச்சதை எடுத்துருங்க. புள்ளைக்கு பிளேட்லெட் எறங்கிக்கிட்டே போவுது. ஒங்க கால்ல வேணும்னாலும் விழுறேன்" என்றார்.

அவருக்கு நான் சொல்லியிருக்கவேண்டிய பதில் எனக்கு அப்போதே தெரியும். எங்கள் டாக்டர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லும் பதில்தான் அது: காய்ச்சல் விட்ட இரண்டு நாள்தான் ஆபத்து, தாண்டிவிட்டால் தானாக ஏறும், போய்ப் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். நான் அதைச் சொல்லவில்லை. என் கையில் அந்த ஆளின் கழுத்து தானாக வந்து சிக்கியிருந்தது.

"முனி முன்னால, அன்னைக்கு நின்ன ஆளுங்க அத்தனை பேரு முன்னாலயும் உண்மையைச் சொல்லுங்கண்ணே. ஆபீஸ்லயும் எழுதிக் குடுங்க. அப்புறம் எடுக்குறேன்" என்றேன்.

"சொல்றேன் தங்கச்சி, சத்தியமா சொல்றேன். மொதல்ல எடுத்துருங்க. புள்ளைக்கு நேரம் இல்ல."

"ஒங்க சத்தியத்தை நான் ஏற்கெனவே பார்த்துட்டேன். நீங்க என்னைக்குச் சொல்றீங்களோ, அன்னைக்கு எடுக்குறேன்."

அவர் அழுதார். நான் அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டேன்.

அவர் ஆட்களைத் திரட்ட இரண்டு நாள் ஆனது. இரண்டு நாளும் அவர் ஆஸ்பத்திரிக்கும் தொழிற்சாலைக்கும் நாயாக அலைந்தார் என்று கேள்விப்பட்டேன். பிள்ளை அப்பாவைத் தேடியதாம். அந்த இரண்டு ராத்திரியும் நான் நன்றாகத் தூங்கினேன். பல மாதங்களாக அப்படித் தூங்கியதில்லை. பழி வாங்குவதில் சுகம் இல்லை என்று சொல்கிறவர்களுக்குப் பழி வாங்கச் சந்தர்ப்பம் கிடைத்ததில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அதே மரத்தடியில் அதே ஆட்கள் நின்றார்கள். தம்பியும் என் பக்கத்தில் நின்றான். சூப்பர்வைசர் சூடம் ஏற்றவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "நான்தான் ஒட்டுனேன். ஆர்டர் லேட்டாச்சின்னு மேலருந்து கத்துனாங்க. கையெல்லாம் எண்ணெய்யா இருந்துச்சி, டேப்பைக் கிழிக்க வரலை. பல்லால பிச்சி ஒட்டுனேன். அவன் வேணாண்ணேன்னு சொன்னான். ஒண்ணும் ஆவாதுலான்னு நான்தான் சொன்னேன்."

தம்பி என் முழங்கையைப் பிடித்தான். "ஆமாக்கா. பல்லால பிச்சாரு. மஞ்சள் டேப்பு. துப்புனாருகூட" என்றான். அவன் குரல் அந்த நாள் ஆஸ்பத்திரியில் பேசிய குரலாக இருந்தது. இரண்டரை வருஷமாக அந்தக் குரலை நான் கேட்கவில்லை. பிறகு நான் கொடுத்த வாக்குக்காகக் கல்லில் இளநீர் ஊற்றினேன், பாலும் ஊற்றினேன். எதையோ முணுமுணுத்தேன். கிளினிக்கின் தொலைபேசி எண்ணைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்த ஆள் கைகூப்பி நின்று, தேம்பித் தேம்பி அழுதார். அன்று மாலையே பிளேட்லெட் ஏறத் தொடங்கியது என்று தகவல் வந்தது. ஏறத்தான் செய்யும்.

தொழிற்சாலை பழைய கடிதத்தைத் திரும்பப் பெற்று வேறு கடிதம் அனுப்பியது. அந்த ஆளின் பதவியும் போனது. தம்பி இப்போது ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருக்கிறான். யாராவது கையைப் பற்றிக் கேட்டால் நடந்ததைத் தயங்காமல் சொல்கிறான். எனக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

போன தீபாவளிக்கு அந்த ஆள் மகளை அழைத்துக்கொண்டு எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்தார். பழத்தட்டு, எனக்கு ஒரு சேலை. சாமி தன்னைத் தண்டித்துத் திருத்திவிட்டது என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேள்விப்பட்டிருந்தேன். முன்பைவிடப் பக்தி அதிகமாகிவிட்டதாம். தம்பியின் இடது கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசினார். பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள். பாவாடை சட்டைக்குள் இன்னும் மெலிவாகத்தான் தெரிந்தாள்.

"ஆன்ட்டி, ஒண்ணு கேக்கவா?" என்றாள். "அப்பா தப்பு செஞ்சாரு, அதனால சாமி எனக்குக் காய்ச்சல் குடுத்துச்சின்னு அப்பா சொன்னாரு. அவரு தப்புக்கு எனக்கு ஏன் குடுத்துச்சி? நானும் ஏதாவது செஞ்சேனா? எனக்கு ஞாபகம் இல்ல."

"இதையேதான் கேட்டுக்கிட்டு இருக்கா, தங்கச்சி" என்று அவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு ஞாபகம் இல்லை என்று இதே வீட்டில், இதே மேசையில் இன்னொருவன் சொல்லிக் கேட்டவள் நான். இந்தத் தடவை அப்படிச் சொல்ல வைத்ததில் எனக்கும் பங்கு இருந்தது. காய்ச்சலுக்கும் மிளகாய்க்கும் சம்பந்தம் இல்லை என்ற உண்மையைச் சொன்னால் அந்த ஆள் நாளைக்கே போய், 'பயமுறுத்தி வாங்கிய வாக்குமூலம், நான் சொன்னதெல்லாம் பொய்' என்று மாற்றிச் சொல்லலாம். தம்பிக்கும் அது புரிந்திருக்கவேண்டும். அவன் என்னைப் பார்த்துத் தலையசைத்தான்.

"நீ ஒண்ணுமே செய்யலம்மா. சாமியும் ஒனக்கு ஒண்ணும் செய்யல. கொசு கடிச்சிச்சி, டிங்கி வந்துச்சி. அவ்ளோதான்" என்றேன்.

"அப்ப நீங்க எடுத்தது?" என்றார் அவர்.

"எடுக்குறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லண்ணே. நீங்க கிளினிக்குக்கு வந்த அன்னைக்கே எனக்கு அது தெரியும்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "தெரிஞ்சேவா? எம்புள்ள சாகக் கெடந்துச்சி தங்கச்சி. அது பக்கத்துல உக்காரவிடாம ரெண்டு நாளு என்னை அலையவிட்டீங்களே. இது பாவம் இல்லையா?"

"பாவந்தாண்ணே."

"சாமி ஒங்களைச் சும்மா விடாது."

"வந்து கேக்கட்டும்ணே. எனக்கும் அதுகிட்ட கேக்க வேண்டியது நெறைய இருக்கு" என்றேன். சொல்லும்போது எனக்கு அவர்மேல் இருந்த ஆத்திரம் ஒரு துளிகூடக் குறைந்திருக்கவில்லை. என்மேல் இருந்த ஆத்திரம் அதோடு சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

பிள்ளை எங்கள் இருவரையும் கவனிக்கவில்லை. தம்பியின் பக்கம் திரும்பி, "கொசுவா மாமா? நெசமாவா?" என்று கேட்டாள்.

"கொசுதாம்மா" என்றான் அவன்.

அவள் முறுக்கைக் கடித்தாள்.